மூன்று தரம் கூப்பிட்டது

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வெள்ளத்தாய், காது கேளாதோர் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரி முகாமுக்கு வந்திருந்தாள். ஆதார், ரேஷன் கார்டு, நாலு போட்டோ, எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ், பிறர் எழுதிக் காட்ட ஒரு நோட்டும் பென்சிலும். எதையும் மறக்கவில்லை. தோளைத் தட்டிவிட ஓர் ஆள்தான் இல்லை.

மற்றவர்கள் பக்கத்தில் மகனோ மருமகளோ இருந்தார்கள். கிளார்க் நாகலிங்கம் வாசலில் நின்று பேரைக் கத்துவார். துணைக்கு வந்தவர் இடிப்பார். காது கேளாதவர் எழுந்து போவார். காது கேட்காதவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எந்த ஊர் நியாயமோ!

பெஞ்சு காலியானதும் வெள்ளத்தாய் போய் நோட்டை நீட்டினாள். நாகலிங்கம் சிடுசிடுவென்று எழுதினார்: "மூன்று தரம் சத்தமாகக் கூப்பிட்டேன். நீ வரவில்லை. அடுத்த மாதம் வா."

"அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டு சீல் வச்சுக் குடுங்க அய்யா."

"எதுக்கு?" என்று எழுதினார்.

"காது கேக்கலைங்கறதுக்கு என்ன அத்தாட்சின்னு அடுத்த மாசம் டாக்டரு கேட்டா, இதைக் காட்டலாமில்ல?"

உள்ளே இருந்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்து அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கிளார்க் பேனாவைத் தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்துகொண்டார்.

சோதனை முடிந்தது. சான்றிதழ் உறுதியாயிற்று. டாக்டரம்மா கடைசிக் கேள்வியை நோட்டில் எழுதினார்: "எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை?"

வெள்ளத்தாய் யோசித்தாள்.

"தெரியலையேம்மா. வீட்ல யாராச்சும் என்னையக் கூப்பிட்டாத்தானே தெரியும்."