மலை ஏறாத முட்டை வண்டி

நாமக்கல் முட்டை வியாபாரி செங்கோட்டுவேலுக்குத் தம்மைத் தவிர உலகமே திருட்டுக் கூட்டம். பிக்கப் வண்டிக்கு டீசல்கூடக் கொட்டகைப் பீப்பாயிலிருந்து தம் கையாலேயே ஊற்றுவார். அப்பேர்ப்பட்ட உத்தமரின் வண்டி கொல்லிமலையில் பாதி ஏற்றத்தில் முனகி நின்று, ஒருவழியாக உருண்டு கொட்டகைக்கே திரும்பி வந்தது.

"டீசலைத் திருடிட்டே! இல்லேன்னா, ஒரு நட்டுகூடக் கழட்டாம இப்பவே கோளாறைக் காட்டு. முடியலைன்னா சாவியை வெச்சுட்டுக் கிளம்பு," என்று ஓட்டிவந்தவனைப் பார்த்து, ஊரைக் கூட்டி முழங்கினார்.

டிரைவர் மாரப்பன் பதறவில்லை. வண்டிச் சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியைப் பற்றவைத்து, சைலன்சர் வாயருகே பிடித்தான்.

"மிதிங்க முதலாளி."

முதலாளி மிதித்தார். எஞ்சின் ஊரையே அலறவைத்தது. ஊதுபத்திப் புகையோ அசையாமல் நேரே மேலே போனது.

"மூச்சே வரலீங்க. புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் கரி புடிச்சு அடைச்சிருக்கு. அப்புறம் எப்படி மலை ஏறும்?"

"கரி எப்படிடா புடிச்சுது?"

மாரப்பன் டேங்க் மூடியைத் திறந்தான். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு முதலாளியின் பீப்பாயைப் பார்த்தது.

"ஏனுங்க முதலாளி," என்றான் மாரப்பன் பணிவாக, "டீசல் எப்பங்க ஊத்துனீங்க, நான் திருடறதுக்கு?"