கரடியின் வெயில் பாறை

ஒரு காட்டில், மலைமேல் ஒரு கரடியும் கீழே பள்ளத்தில் ஒரு முள்ளம்பன்றியும் இருந்தன, குழந்தைகளே. ஒவ்வொரு மாசியிலும் முள்ளம்பன்றி காட்டைச் சுற்றிக் காய்ந்த புல்லைச் சுரண்டித் தீக்கோடு போடும். வெளியே பிடிக்கும் தீ அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வராது.

கரடியோ குகையில் வருடக்கணக்காக விறகை எரித்துக் குளிர்காய்ந்தது. புகை ஏறி ஏறி மழை குறைந்தது. ஓடையும் வற்றியது. பயந்துபோன கரடி, "இனி இந்தக் காட்டில் யாரும் தீ மூட்டக் கூடாது" என்று சட்டம் போட்டது.

அந்த மார்கழியில் உறைபனி கொட்டியது. புதிதாய்ப் பிறந்த தன் இரண்டு குட்டிகளும் நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் முள்ளம்பன்றி மலையேறியது. குகைக்குள் கால் வைத்ததும் கதகதப்பு. இத்தனை வருடத்துச் சூடும் கல்லில் ஊறிக் கிடந்தது.

"கரடியாரே, ஒரு பிடி சுள்ளி எரித்துக்கொள்கிறேன். குட்டிகள் தாங்காது."

"யார் எரித்தாலும் புகை புகைதானம்மா! சட்டம் எல்லோருக்கும் ஒன்று."

"உங்கள் கூரையில் விரல் கனத்துக்குக் கரி. என் வளையில் ஒரு பொட்டுக் கரி காட்டுங்கள், பார்ப்போம்."

கரடி வயிற்றைச் சொறிந்துகொண்டது. "பழையதைக் கிளறாதே. கல்லை வெயிலில் காய வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கு. புகையே வராது!"

"நல்ல யோசனைதான். பள்ளத்தில் வெயில் ஏது? குகை வாசலில் வெயில் விழும் உங்கள் பாறையில் நாலு கல் காய வைத்து உருட்டி விடுங்கள். தீயே கேட்க மாட்டேன்."

"அங்கேதானே நான் மத்தியானம் படுப்பேன்! பனிக்காலம் முடியட்டும், பார்க்கலாம்."

பனிக்காலம் முடிவதற்குள் முதலில் சின்னக் குட்டி போனது. ஒரு வாரத்தில் பெரியதும் போனது.

மாசியில் மலைக்கு அப்பால் தீ தெரிந்தது. கரடி தடதடவென்று பள்ளத்துக்கு ஓடி வந்தது.

"இன்னுமா கோடு போடவில்லை? உன்னைப்போல் கோடு போட எனக்குத் தெரியாதம்மா! நாலு கல் என்ன, நாற்பது கல் காய வைத்துத் தருகிறேன். பாறையே உனக்குத்தான்!"

முள்ளம்பன்றி வளை வாசலை மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தது. "யாருக்கு?" என்றது.

"தீ வந்தால் நீயும்தான் எரிவாய்!"

"எரிவதற்கு என்னிடம் இனி என்ன இருக்கிறது, கரடியாரே?"

முதுகு முள் சலசலக்க, அது வற்றிய ஓடையைக் கடந்து நடந்து போய்விட்டது.

நீதி: தான் குளிர்காய்ந்த பிறகு பிறர் தீயைத் தடுப்பவர், தன் வெயிலையாவது காலத்தில் பகிர வேண்டும்.