எழுத்தாளர் வந்துபோனதற்கு ஒரு சிலை

சிற்பி ஆவுடையம்மாளிடம் தொழில் கற்ற சீடர் தாண்டவராயன். குருவைவிட ஆறு வயது கூடுதல். அதனால் அந்த அம்மாள் இவரை அண்ணே என்பார், இவர் அவரை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

தாண்டவராயன் தன் பெயரில் செய்யப்போகும் முதல் சிலை அது. முப்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய எழுத்தாளர் ஒருவர் கடம்பூண்டிக்கு வந்துபோனார். வந்தது ஒரே ஒரு பகல். ஆனால் அவர் எழுதிய பிறகுதான் இப்படியொரு ஊர் இருப்பதே வெளியில் தெரிந்தது. பாலம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அந்த நன்றிக்குத்தான் சிலை.

எழுத்தாளர் உட்கார்ந்திருப்பதுபோல் தாண்டவராயன் செய்த களிமண் மாதிரியை ஊர் விழாக் குழு இரண்டு தடவை வேண்டாமென்றுவிட்டது. முகத்தில் உயிர் இல்லையாம். மூன்றாவதும் சரிவராவிட்டால் வேறு சிற்பி. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"முகம் பிடிபடலையே அம்மா, என்ன செய்யட்டும்?"

"அன்னைக்கு அவரைப் பார்த்தவங்களைப் போய்ப் பாருங்க அண்ணே."

போனார். அங்கே கிடைத்த கதையைக் கேட்டால் சிரிப்புதான் வரும். ஊரே மாலையும் மேளமுமாக ரயிலடியில் காத்திருக்க, எழுத்தாளர் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். வாங்க என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. பஸ் நிறுத்தத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற செண்பகவடிவு மட்டும், யாரோ பாவம் வெயிலில் நிற்கிறாரே என்று கூப்பிட்டு, தான் உட்கார்ந்திருந்த சாக்கில் தள்ளி இடம் விட்டிருக்கிறார். ரயிலடியில் நின்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுதியதெல்லாம் அந்தப் பேச்சுதான்.

முகம் எப்படி இருந்தது என்று தாண்டவராயன் கேட்டதற்குச் செண்பகவடிவு சிரித்துவிட்டார்.

"முகத்தை யாரு பார்த்தா? பசியோட வந்திருந்தாரு. அதைத்தான் பார்த்தேன்."

திரும்பி வந்து ஒன்றுவிடாமல் குருவிடம் சொன்னார். ஆவுடையம்மாள் களிமண் எடுத்துப் பிசைந்தார். மூன்றாவது மாதிரியில் எழுத்தாளரின் பக்கத்தில், கூடையோடு ஒரு பெண்ணை உட்கார வைத்தார். பிறகு ஈரம் காயாத எழுத்தாளர் தலையை அவள் பக்கம் லேசாகத் திருப்பினார்.

இரண்டு மாதமாக வராத முகம் வந்துவிட்டது. தாண்டவராயனுக்குக் கண் கலங்கிப்போயிற்று. கைகூப்பினார். கூப்பிய கை இறங்குவதற்குள் பயமும் வந்துவிட்டது.

"குழு ஒத்துக்குமா அம்மா? ஊர் நன்றி சொல்ல நினைக்கிறது அவருக்குத்தானே?"

ஆவுடையம்மாள் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார்.

"ஊர் அவருக்குச் சொல்லட்டும் அண்ணே. அவர் நன்றி சொல்ல ஓர் ஆள் வேணாமா?"