பன்றியின் தாகமும் பயிரின் தாகமும்

காட்டுக் குளத்தில் இருந்த ஆமைக்கு ஐப்பசி பிறந்தால் கழுத்து வலிக்கும். எந்நேரமும் வடக்கு வானத்தையே அண்ணாந்து பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும்? வலசை போகும் வாத்து ஒன்று அதன் தோழி.

"மார்கழியில வர்றேன் அண்ணே! குளத்துல தண்ணி தெரிஞ்சா இறங்குவோம். இல்லேன்னா எங்க கூட்டம் நிக்காது!" என்று போன வருஷம் சொல்லிவிட்டுப் பறந்திருந்தது.

இந்த வருஷ மழையில் குளம் தளும்பியது. ஆமைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குளத்துக்குக் கீழே காட்டுப்பன்றி கேழ்வரகு விதைத்திருந்தது. பிறர் கொல்லையில் திருடித் தின்று அடிவாங்கியே வளர்ந்த பன்றி அது. சொந்த வயலில் ஒரு கதிராவது தின்ன வேண்டும் என்று அதற்கு ஏக்கம்.

தினமும் உச்சி வெயிலில் பன்றிக்குத் தொண்டை வறளும். உடனே ஓடிவந்து குளத்து மடையைத் திறந்துவிடும்.

"ஏம்ப்பா, நேத்துதானே பாய்ச்சினே?" என்றது ஆமை.

"எனக்கே இவ்வளவு தாகம்! நாள் பூரா வெயில்ல நிக்கிற பயிருக்கு எப்படி இருக்கும்?"

"ஒரு சாண் தோண்டி வேரடி மண்ணை அழுத்திப் பாரு. உருண்டை பிடிச்சா ஈரம் போதும். உதிர்ந்தா பாய்ச்சு!"

"உமக்கு உம்ம வாத்துக் கவலை! அதுக்காக என் பயிரைக் காயப்போடச் சொல்றீரா?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வாத்துக் கவலை இருந்தது உண்மைதானே!

கார்த்திகை முடிவதற்குள் குளத்தின் அடிச்சேறு தெரிந்தது. பயிரும் மஞ்சளாய் வெளுத்தது. "ஐயோ, இன்னும் தாகம் அடங்கலையே!" என்று பன்றி மிச்சத் தண்ணீரையும் திறந்துவிட்டது.

மார்கழியில் ஒரு காலை, வாத்துக்கூட்டம் குளத்தை மூன்று முறை வட்டமிட்டது.

"அண்ணே! ஆமையண்ணே! இருக்கீங்களா?"

"இருக்கேன் தாயி! இங்கேதான் இருக்கேன்!"

சேற்றோடு சேறாகக் கிடந்த ஆமையின் குரல் மேலே எட்டவில்லை. கூட்டம் தெற்கே திரும்பியது. ஒரு வாத்து மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

இதைப் பார்த்த பன்றி வயலுக்கு ஓடி ஒரு சாண் தோண்டியது. மண் களியாய் ஒட்டியது. வேரெல்லாம் அழுகி நாறியது. ஒரு கதிர்கூட இல்லை.

"அடுத்த வருஷம் அந்த வாத்துப் பொண்ணு வருமா, ஆமையாரே?" என்று குளத்துக்குத் திரும்பிவந்து கேட்டது பன்றி. அழுதுகொண்டேதான் கேட்டது.

ஆமை தெற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

தன் தாகத்தை வைத்துப் பிறர் தேவையை அளப்பவன், அன்பாகக் கொடுத்தே கெடுத்துவிடுவான்.