நிற்காத கூச்சல்

கோடை தகித்துக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. தாகம் புலிக்கும் உண்டல்லவா? அதனால் குளத்தைச் சுற்றி ஐந்து பேர் காவலுக்கு நின்றார்கள்: மந்தி, மான், காட்டெருமை, பன்றி, மயில்.

காவல் சட்டத்தை இயற்றியது மந்தி. அதில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.

"புலியைப் பார்த்தவர் கத்த வேண்டும். இடப்பக்கத்தில் நிற்பவர் கத்தினால் நீங்களும் கத்துங்கள். அவர் நிறுத்தினால் நிறுத்துங்கள். கூச்சல் ஓயும்வரை ஒருவரும் தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது!"

சோதனையும் நடத்தியது. ஒவ்வொருவரையும் தனியாகப் புற்றுக்குப் பின்னால் அழைத்துப் போய், காதருகே கத்தியது, அவரும் கத்தினார். நிறுத்தியது; அவரும் நிறுத்தினார். ஐந்தாவது ஆளாகத் தன்னையே சோதித்துத் தனக்கே சபாஷ் போட்டுக்கொண்டது.

மறுநாள் காலை பன்றியின் முதுகில் பனம்பழம் ஒன்று தொப்பென்று விழுந்தது. "புலி!" என்று அலறியது பன்றி. மயில் அலறியது, மந்தி அலறியது, மான் அலறியது, எருமையும் அலறியது.

"அடச்சே, பழமா!" என்று பன்றி வாயை மூடப் போனது. ஆனால் அதற்கு இடப்பக்கம் எருமை கத்திக்கொண்டிருந்ததே! சட்டம் சட்டம்தான். பன்றி மறுபடியும் கத்தியது.

அன்று முழுவதும் கத்தினார்கள். அடுத்த நாளும் கத்தினார்கள். எதிரிலேயே தண்ணீர், தொண்டையில் ஈரமில்லை. மானுக்குக் கால்கள் துவண்டன. மந்திக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயோ, தனித்தனியாக எல்லாரும் சரியாகத்தானே செய்தார்கள்!" என்று கத்தலுக்கு நடுவே புலம்பியது.

தூக்கம் கெட்ட கடுப்பில் வளையிலிருந்து வெளியே வந்தது முள்ளம்பன்றி. தன் முதுகிலிருந்து ஐந்து முட்களைப் பிடுங்கி, ஈரமண்ணில் வட்டமாக நட்டது.

"மந்தியக்கா, இங்கே பாருங்கள். நிற்கும் முள் சும்மா இருப்பவர். சாய்ந்த முள் கத்துபவர்."

ஒன்றைச் சாய்த்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று மந்தியின் சட்டப்படியே சாய்த்துக்கொண்டு போனது. வட்டம் முழுவதும் சாய்ந்தது. "இப்போது இதில் எந்த முள் முதலில் நிமிரும்? சொல்லுங்கள்."

மந்தி கத்திக்கொண்டே ஒவ்வொரு முள்ளாகத் தொட்டுப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்து முள் சாய்ந்தே கிடந்தது. "ஒன்றுமே நிமிராது" என்றது ஈனக்குரலில்.

"யாராவது ஒருவர் சட்டத்தை மீறினால் நிமிரும். அது நீங்களாக இருந்தால் நல்லது."

"நானா? என் சட்டத்தை நானேயா? நான் வாயை மூடிய நேரம் பார்த்து நிஜப்புலி வந்துவிட்டால் பழி என் தலையில் விழுமே!"

"இப்போது வந்தால் மட்டும் யாருக்குத் தெரியுமாம்? இரண்டு நாளாகப் புலி, புலி என்றுதானே கத்துகிறீர்கள்!"

மந்திக்குச் சுருக்கென்றது. இடப்பக்கத்தில் மயில் தொண்டை கிழியக் கத்த, மந்தி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது. மான் நிறுத்தியது. எருமை, பன்றி, கடைசியில் மயில். அப்பாடா! ஐவரும் குளத்தில் பாய்ந்தார்கள்.

வயிறு நிறைந்ததும் மந்தி புதுச் சட்டத்தோடு முட்களிடம் வந்து உட்கார்ந்தது. "ஒரு புலிக்கு ஒருவர் ஒரே ஒரு தடவைதான் கத்த வேண்டும்."

"இரண்டு பேர் ஒரே நேரத்தில் புலியைப் பார்த்தால்?" என்றது முள்ளம்பன்றி. இரண்டு முட்களைச் சாய்த்துப் பார்த்தார்கள், கூச்சல் ஓய்ந்தது.

"மயில் தூங்கிவிட்டால்?" இதைக் கேட்டது மந்தியேதான்.

"நான் ஏன் தூங்கப் போகிறேன்?" என்று மயில் சிலிர்த்தது. மயிலுக்கான முள்ளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். கூச்சல் பாதியில் அறுந்தது. அதனால் வலப்பக்கத்துக் குரலையும் கேட்க வேண்டும் என்று சேர்த்தார்கள். பொழுது சாயும்வரை இப்படியே கேள்வியும் முள்ளுமாகப் போனது.

மூன்றாம் நாள் நிஜமாகவே புலி வந்தது. மயில் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கூச்சல் எல்லாரையும் எட்டியது, எருமை ஓடுகிற போக்கில் மயிலை உதைத்து எழுப்பியது, ஐவரும் தப்பி ஓடினார்கள், கூச்சல் ஓய்ந்தது. புலி ஆளில்லாத கரையில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.

நீதி: தனித்தனியே சரியாக இருப்பவை சேர்ந்தால் தவறக்கூடும், சேர்த்துவைத்தும் சோதிக்க வேண்டும்.