கப்பு என்று நினைத்த செம்பு

தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் எவர்சில்வர் செம்பு ஒன்று இருந்தது. நல்ல தொப்பை, தொப்பையைவிட வாய் பெரிது. அந்த வீட்டுப் பொற்கொடி டீ குடிப்பது அதில்தான். கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட பீங்கான் கப்பு ஒன்றும் இருந்தது. ஆனால் அது விருந்தாளிக்கு. வீட்டு ஆட்கள் அதைத் துடைப்பார்களே தவிர, அதில் ஒரு வாய் குடிக்கமாட்டார்கள்.

வருஷக்கணக்கில் காத்திருந்த பொற்கொடி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அடுக்களை அமர்க்களப்பட்டது. கரண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. யாரும் அதைத் திட்டவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பொற்கொடி, நர்ஸ் ஜெசிந்தா சொன்னதைக் கணவனிடம் ஒப்பித்தாள். "டீ குடிக்கலாமாம். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு கப்புதானாம்."

"கேட்டீர்களா? என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள்!" என்று செம்பு துள்ளியது.

"நீ கப்பு இல்லையே," என்றது வடிகட்டி.

"பிறகு? இந்த வீட்டில் டீ எதில் குடிக்கிறார்கள்? என்னில்தானே? அப்படியானால் நான்தான் கப்பு!"

இப்படி அடித்துப் பேசுபவரிடம் என்ன சொல்ல முடியும்? வடிகட்டி தன் டீத்தூளை உதறிக்கொள்ளப் போனது. காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. கணக்குத் தப்பாமல் நடந்தது.

வயிறு முன்னே வந்தது. பொற்கொடி செம்பைத் துண்டில் சுற்றி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஊதி ஊதிக் குடிப்பாள். உள்ளேயிருந்து ஓர் உதை வரும். செம்புக்குத் தலைகால் புரியாது. "என்னைக் கண்டதும் ஆட்டம் போடுது பாருங்கள்!" என்று அடுக்களை முழுக்கச் சொல்லித் திரியும்.

ஒரு சாயங்காலம், பாதி டீ மிச்சமிருந்தபோது, உள்ளேயிருந்து குரலே வந்துவிட்டது.

"யாரது வெளியே?"

"நான்தான் கப்பு! உனக்கு டீ கொண்டு வருபவன்!"

"நீதானா? கொஞ்சம் குறையேன். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுது. அம்மாவும் தூங்கலை, நானும் தூங்கலை. நான் வளரணுமா, வேண்டாமா?"

"உன்னாலா பிள்ளைக்குத் தூக்கம் போகிறது?" என்று செம்பு தன் வயிற்றுக்குள் இருந்த டீயைக் கேட்டது. டீ எதையும் ஒளிக்கவில்லை.

"அளவாகப் போனால் என்னால் தொந்தரவு இல்லை. அம்மா உடம்பு என்னை மெதுவாகவாவது அனுப்பிவிடும். பிள்ளைக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை. அங்கே போனால் நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டேன். கப்பளவு என்றால் சரி. நீ எத்தனை கப்பு என்று உனக்கே தெரியுமா?"

செம்பு பதில் சொல்வதற்குள், கர்ப்பிணிகளை வீடு தேடி வந்து பார்க்கும் ஜெசிந்தாவின் குரல் வாசலில் கேட்டது. பொற்கொடி செம்பை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு ஓடினாள். பூப்போட்ட கப்பு டீயோடு கூடத்துக்குப் போனது.

"தூக்கமே வரல சிஸ்டர். படபடன்னு வருது."

"டீ எவ்வளவு குடிக்கீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி ரெண்டே கப்புதான். காப்பி தொடுறதே இல்ல."

ஜெசிந்தா யோசித்தாள். "அப்ப சரியாத்தான் இருக்கீங்க. பிறகு எதுக்கு இப்படி வருது?"

பாவம் பொற்கொடி, பொய் சொல்லவில்லை. அதுதான் செம்பைத் தைத்தது. வாயைத் திறந்தால் தன்னைத் தூக்கும் பொற்கொடியின் கை போகும், வயிற்றின்மேல் உட்கார்ந்து உதை வாங்கும் சந்தோஷமும் போகும். திறக்காவிட்டால்? உள்ளே ஒரு சின்ன உயிர் கண்ணை மூட முடியாமல் கிடக்கிறது!

செம்பு மேடையிலிருந்து குதித்தது. ணங்கென்று விழுந்து, டீயைக் கொட்டி, கடகடவென்று உருண்டு, கூடத்தைத் தாண்டி ஜெசிந்தாவின் காலடியில் போய் முட்டியது. "நான்தான்! அந்தக் கப்பு நான்தான்!" என்று தரையெல்லாம் அதிரக் கத்தியது.

மனிதர்கள் காதில் அது வெறும் சத்தம்தான். ஆனால் கொட்டிய டீயை ஜெசிந்தா பார்த்தாள்.

"எம்மா! இதுலயா குடிக்கீங்க?"

"ஆமா சிஸ்டர். இதுதான் என் கப்பு."

"இதுல நான் சொன்ன கப்பு மூணு அடங்கும்போலயே!"

பொற்கொடியின் முகம் வெளுத்தது. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

"பயப்படாதீங்க, போன வாரம்தான பாத்தோம், நல்லாத்தான் இருக்கு. இன்னையிலருந்து குறைச்சிருங்க. படபடப்பு நிக்கலன்னா டாக்டரைப் பாத்துருவோம்." ஜெசிந்தா தான் குடித்து முடித்த கப்பை நீட்டினாள். "இதுல குடிங்க. ரெண்டு தடவை."

"அய்யோ, அது விருந்தாளிக்குல்லா!"

சொன்னவள் சட்டென்று நின்றாள். உள்ளேயிருந்து ஓர் உதை. வயிற்றில் கையை வைத்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"கொண்டாங்க சிஸ்டர் அந்தக் கப்ப. விருந்தாளிதான உள்ள இருக்கு!"