ஏகாம்பரம் எழுதாத ஓலைகள்

தாழையூர் ராஜ்யத்தில் ஒரு சட்டம் இருந்தது. அரண்மனை யாருக்குக் கூலி கொடுத்தாலும் வரி அதிகாரி அதைக் கணக்கில் காட்ட வேண்டும். அதில் இரண்டு வகை. அரண்மனை வேலையாட்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓலை போதும். அவர்கள் வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அப்படி இல்லை. குயவருக்கு ஒரு ஓலை, பூக்கட்டுபவருக்கு ஒரு ஓலை, கிணறு தூர் வாரியவருக்கு ஒரு ஓலை. இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று தனித்தனியாக எழுதி, அவர் கையிலும் ஒரு பிரதி தர வேண்டும். அதைப் பார்த்து அவரே தன் வரியைக் கட்டுவார்.

வரி அதிகாரி ஏகாம்பரத்துக்கு ஓலை எழுதுவது வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. எழுத்தாணியை இடுப்பில் நகைபோலச் செருகியிருப்பார். ஆண்டுக் கடைசி நெருங்கிவிட்டது. ஒரு ஓலைகூட எழுதியிருக்கவில்லை. ஆகவே சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, நம்மிடம் கூலி வாங்கும் எல்லோரும் நம் வேலையாட்களே என்று அறிவித்துவிடலாம். ஒரே ஓலையில் காரியம் முடியும். வரியும் நம் கையிலேயே நிற்கும்."

ராஜா மாறவேளுக்கு அந்தக் கடைசிப் பகுதி பிடித்திருந்தது. "சரி, யார் வேலையாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

"மிக எளிது. கட்டளையிடுபவர் எஜமான். கேட்டு நடப்பவர் வேலையாள். தாழையூரில் தங்கள் கட்டளையைக் கேட்டு நடக்காதவர் யார், மகாராஜா?"

சபை தலையாட்டியது. சாத்தையனும் தலையாட்டினான். ராஜாவிடம் பேசிச் சிரிக்கவைப்பதுதான் அவன் உத்தியோகம்.

"வேலையாள் என்றால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எஜமான் இடத்தில்தான் இருக்க வேண்டும். வெளிவேலை கூடாது" என்று ஏகாம்பரம் முடித்தார். "நாளை தங்களுக்குச் சவரம் செய்ய வரும் சடையாண்டியிலிருந்தே தொடங்குகிறேன்."

சவரம் செய்பவருக்குச் சடையாண்டி என்று பெயர். ஊர் அதற்குச் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டிருந்தது. சாயங்காலம் அவர் சாத்தையனைத் தேடி வந்தார்.

"தம்பி, ராஜாவுக்குப் புதன்கிழமைக்குப் புதன்கிழமை ஒரு சவரம். மத்த நாளெல்லாம் அரண்மனையில யார் தாடி வளருதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? சந்தையில கடையை மூடினா மறுநாளே வேறொருத்தன் அங்க கடை போட்டுடுவான். வாடிக்கை எல்லாம் போயிடும். அப்புறம் நான் எங்க போவேன்?"

"சபையில் நானும் தலையாட்டிவிட்டேன், அண்ணே."

"பாத்தவங்க சொன்னாங்க."

சாத்தையன் அவரைத் திண்ணையில் உட்காரவைத்தான். பிறகு கேட்டான். "சவரம் செய்யும்போது ராஜாவிடம் என்ன சொல்வீர்கள்?"

"என்னத்தச் சொல்றது? எல்லாருக்கும் சொல்றதுதான்."

"நாளைக்கும் அதையே சொல்லுங்கள். ஒரு வார்த்தை குறைக்க வேண்டாம்."

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் ராஜா மணைமீது உட்கார்ந்தார். சடையாண்டியின் பெயரை எழுதிக்கொள்ள ஏகாம்பரம் தயாராக நின்றார். சாத்தையனும் வந்து ஓரமாக நின்றுகொண்டான்.

"உனக்கு இங்கே என்ன வேலை?" என்றார் ஏகாம்பரம்.

"வேலையாளைக் கண்டுபிடிக்கும் விதத்தை உங்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்று, ஐயா."

சடையாண்டி ராஜாவின் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார்.

"நிமிந்து உக்காருங்க, மகாராஜா."

நிமிர்ந்தார்.

"தலையைக் குனிங்க."

குனிந்தார். அந்தத் தலை கோயிலுக்கு வெளியே குனிவது புதன்கிழமைகளில் மட்டும்தான்.

"இந்தப் பக்கம் திரும்புங்க. அவ்வளவு வேணாம். கன்னத்தை உப்புங்க."

உப்பினார்.

சாத்தையன் மெதுவாக ஏகாம்பரத்தின் பக்கம் சாய்ந்தான். "ஐயா, கட்டளையிடுபவர் யார் என்று சொன்னீர்கள்?"

"எஜமான்."

"கேட்டு நடப்பவர்?"

"வேலை..." ஏகாம்பரம் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அங்கே என்ன குசு..." என்று ராஜா ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. கத்தி கழுத்துல இருக்கு."

ராஜா வாயை மூடிக்கொண்டார்.

"மூக்கைத் தூக்குறேன். தும்மாதீங்க."

ராஜா தும்மவில்லை.

சவரம் முடிந்து துணியை அவிழ்த்ததும் ராஜா கேட்டார். "இப்போது சொல்லுங்கள். என்ன குசுகுசுப்பு?"

சாத்தையன் முன்னால் வந்தான். கைகட்டிக்கொண்டு சொன்னான்.

"மகாராஜா, ஏகாம்பரம் ஐயாவின் விதியைப் பிசகாமல் பார்த்தேன். இங்கே கட்டளையிட்டதெல்லாம் சடையாண்டி அண்ணன். கேட்டு நடந்தது தாங்கள். வந்த தும்மலைக்கூட அடக்கிக்கொண்டீர்கள். ஆகவே தாங்கள் இவருடைய வேலையாள்."

சாத்தையன் சந்தைப் பக்கம் கைகாட்டினான்.

"வேலையாள் விடிந்ததிலிருந்து எஜமான் இடத்தில் இருக்க வேண்டுமாம். கடை சந்தையில், புளி மண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடிந்து வெகுநேரமாகிவிட்டது, மகாராஜா. இன்றைக்கே தாமதம்."

ராஜா சடையாண்டியைப் பார்த்தார். "என்னைக் கடையில் வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?"

சடையாண்டி உண்மையாகவே யோசித்தார். "கிண்ணத்துல தண்ணி மாத்தி வைக்கலாம், மகாராஜா. ஆனா உங்களைப் பாக்கக் கூட்டம் கூடிடும். தொழில் நடக்காது. எனக்குக் கட்டுப்படியாகாதுங்க."

ராஜாவுக்கு அடக்க முடியவில்லை. மழித்த முகம் சிவக்கச் சிரித்தார். இந்த முறை யாரும் அவரை அசையாதே என்று சொல்லவில்லை.

"ஏகாம்பரம், கத்தி இவருடையது, கை இவருடையது. முகம் மட்டும்தான் என்னுடையது. இவர் சொந்தத் தொழில்காரர். கடையைத் தொடாதே. குயவர், பூக்கட்டுபவர் எல்லோரும் அப்படியே. ஆண்டு முடிவதற்குள் அவரவருக்கு ஓலை போய்ச் சேர வேண்டும்."

"எல்லோருக்குமா, மகாராஜா?"

"பிரதியோடு."

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றிச் சாத்தையனிடம் நீட்டினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"இதையும் முறையாகக் கணக்கில் காட்ட வேண்டுமே. சாத்தையன் நம் வேலையாளா, சொந்தத் தொழில்காரனா?"

ஏகாம்பரத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இவனா? இந்த அரண்மனையில் யார் சொல்வதைத்தான் இவன் கேட்டு நடக்கிறான், மகாராஜா?"

"அப்படியானால் இன்னும் ஒரு ஓலை" என்றார் ராஜா.